மண்டை ஓடு உடையவில்லை, மூளையிலும் ரத்தமில்லை: பிறகு அந்த ரத்தம் எங்கே?

கேள்வி இது: "அப்பாவுக்கு 76 வயது. ஐந்து வாரத்துக்கு முன் கழிவறையில் வழுக்கி விழுந்து தலை சுவரில் இடித்தது. வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. இப்போது நடை தள்ளாடுகிறது, இடக்கையில் பிடித்த கோப்பை நழுவுகிறது. ஸ்கேன் எடுத்துவிட்டு 'கிரானிக் சப்டியூரல்' என்கிறார்கள், மண்டையில் துளை போட்டு எடுக்க வேண்டுமாம். ஆனால் ஓடு உடையவில்லை, மூளைக்குள்ளும் ரத்தமில்லை என்று அதே டாக்டர் சொல்கிறார். தாதிமை படிக்கும் என் மகளுக்கும் எபிடியூரல், சப்டியூரல் குழப்பம் தீரவில்லை. விளக்க முடியுமா?"

டாக்டர் சொன்ன இரண்டும் சரி. ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள டியூரா என்ற கெட்டியான உறைக்கும் அதன் உட்புறம் ஒட்டிக் கிடக்கும் அராக்னாய்டு என்ற மெல்லிய உறைக்கும் நடுவே இருக்கிறது. இடக்கையை இயக்குவது மூளையின் வலப்பாதி; அந்தக் கை தளர்ந்திருப்பதால் ரத்தம் பெரும்பாலும் வலப்பக்கமாக இருக்கும். தலைக்குள் ரத்தம் கசிந்தால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்த இரண்டு உறைகளுக்கு நடுவே என்று கேட்க வேண்டும். ஆபத்து நிமிடக்கணக்கில் வருமா வாரக்கணக்கில் வருமா என்பதை அந்த இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தால் இது தானாக விளங்கும்.

மண்டைத் தோல் ஐந்து அடுக்கு. மேலே தோல், அடுத்து ரத்தக்குழாய்கள் நிறைந்த நார்த்திசு, மூன்றாவது, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் கேலியா என்ற தட்டையான நாண், நான்காவது தளர்வான திசு, கடைசியில் எலும்பை ஒட்டிய உறை. இரண்டாம் அடுக்கின் நார்கள் குழாய்ச் சுவரை இழுத்துப் பிடித்திருப்பதால், வெட்டுப்பட்ட குழாய் சுருங்கி மூடிக்கொள்ளாது. சின்ன வெட்டுக்கும் சட்டை நனையும் அளவுக்கு ரத்தம் வருவது இதனால்தான். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எலும்பு உள்வாங்கியிருப்பதாக விரலுக்குத் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தின் மேல் அழுத்தாமல் சுற்றிலும் அழுத்த வேண்டும். நான்காம் அடுக்கில் தேங்கும் ரத்தத்துக்கு முன்பக்கம் தடுப்பில்லை. ஆகவே நெற்றியில் இடித்தவருக்கு ஓரிரு நாளில் கண்ணிமை கறுத்து வீங்கும். கண்ணில் அடிபட்டதாக நினைத்துவிடுவோம். மேலே தெரியும் வீக்கத்துக்கும் உள்ளே இருக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அப்பாவின் வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது நல்ல அறிகுறியும் அல்ல, கெட்ட அறிகுறியும் அல்ல.

அடுத்தது எலும்பு. காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளைச் சேர்க்காமல் மண்டையோட்டில் 22 எலும்புகள். முகத்துக்கு 14, மூளையைச் சுற்றி 8. அந்த எட்டு: நெற்றி எலும்பு, உச்சியின் இருபுறமும் இரண்டு உச்சி எலும்புகள், காதுப்பக்கம் இரண்டு பொட்டு எலும்புகள், பின்னால் பிடரி எலும்பு, அடித்தளத்தில் ஆப்பு எலும்பு, மூக்குக்கு மேல் சல்லடை எலும்பு. மகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது இவ்வளவுதான் என்றால் போதாது. அவர் கவனிக்க வேண்டியது இவை சேரும் தையல்கோடுகளை. ஓட்டின் வெளிப்புற உறையும் உட்புற உறையும் அந்தக் கோடுகளின் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அதாவது ஒவ்வொரு தையல்கோட்டிலும் உட்புற உறை எலும்போடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. பிறகு ஸ்கேன் படிக்கும்போது இது கைகொடுக்கும்.

ஓடு ஒரே கனமான எலும்பல்ல. வெளித்தகடு, உள்தகடு, நடுவே மஜ்ஜை நிறைந்த பஞ்செலும்பு. பெரியவர்களுக்குச் சராசரியாக 6, 7 மி.மீ. இருக்கும், நெற்றிப்பொட்டில் மிக மெல்லியது. நெற்றி, உச்சி, பொட்டு, ஆப்பு ஆகிய நான்கு எலும்புகளும் சந்திக்கும் டெரியான் என்ற இடம் அங்கேதான். கன்ன எலும்பு வளைவின் நடுவிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. மேலே விரல் வைத்தால் அதன் மேல் வைத்ததாகக் கணக்கு. அதன் உட்புறத்தில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு நடு மெனிஞ்சியல் தமனி ஓடுகிறது. ஓடு மிக மெல்லிய இடத்துக்கு நேர் பின்னால் தமனி என்பது, சொல்லப்போனால், மோசமான வடிவமைப்பு.

ஓட்டின் அடித்தளம் முன்னிருந்து பின்னாக மூன்று படியாக இறங்குகிறது. நரம்புகளும் குழாய்களும் வெளியேறும் துளைகள் எல்லாம் அங்கே. அதில் விரிசல் விழுந்தால் இரண்டு கண்ணையும் சுற்றிக் கறுப்பது, காதுக்குப் பின்னால் கன்றிப்போவது, மூக்கு அல்லது காது வழியாகத் தெளிந்த நீர் சொட்டுவது ஆகியவை தெரியலாம். அப்படிப்பட்டவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செருகக் கூடாது. உடைந்த சல்லடை எலும்பைத் தாண்டி மூளைக்குள் போய்விடக்கூடும். அப்பாவுக்கு இது எதுவும் இல்லை என்பதால் அடித்தளத்தை இத்தோடு விடலாம்.

குழந்தையின் முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிவிடும். அதற்குப் பிறகு மண்டை, விரியாத மூடிய பெட்டி. உள்ளே மூளை சுமார் 80 சதவீதம், ரத்தம் 10, மூளைத்தண்டுவட நீர் 10. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும். 1783-ல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824-ல் ஜார்ஜ் கெல்லியும் எழுதிய இந்த எளிய கணக்கின் மேல்தான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் நிற்கிறது. புதிதாக ரத்தம் சேர்ந்தால் முதலில் நீர் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கும். பிறகு சிரைகளில் உள்ள ரத்தம் வெளியேறும். அதுவரை அழுத்தம் அவ்வளவாக ஏறாது. ஒதுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது சில மில்லிலிட்டர் கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். இத்தனை வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு இப்போது அப்பா தள்ளாட ஆரம்பித்ததற்கு இதுவே காரணம்.

இப்போது உறைகள். வெளியிலிருந்து டியூரா, அராக்னாய்டு, பயா என மூன்று. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது டியூராவில்தான்.

டியூரா தலைக்குள் இரண்டு படலம். வெளிப்படலம் உண்மையில் ஓட்டின் உட்புற எலும்புறை. உட்படலம்தான் மூளையின் சொந்த உறை. இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும். சில இடங்களில் மட்டும் பிரிந்து, நடுவே சிரைக் கால்வாய்களை விட்டு வைக்கும். அவற்றில் பெரியது உச்சியின் நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஓடும் மேல் நெடுங்கால்வாய். உட்படலம் சில இடங்களில் மடிந்து உள்ளே திரையாகவும் இறங்குகிறது: இரண்டு பெருமூளைப் பாதிகளுக்கு நடுவே செங்குத்தாக ஃபால்க்ஸ், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கிடைமட்டமாக டென்டோரியம்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து புறப்படும் சிரைகள் அராக்னாய்டைத் துளைத்துக்கொண்டு அந்த மேல் நெடுங்கால்வாயில் போய்ச் சேர வேண்டும். இவற்றைப் பாலச் சிரைகள் என்போம். ஒரு முனை நீரில் மிதக்கும் மூளையில், மறுமுனை அசையாத டியூராவில். வயதாக ஆக மூளை சுருங்குகிறது. நீண்ட நாள் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சுருங்கச் சுருங்க இந்தச் சிரைகள் விறைத்து இழுபட்டு நிற்கும். தலை சுவரில் மோதி ஓடு சட்டென்று நின்றுவிட, மூளை கொஞ்சம் பிந்தி நிற்கிறது. அந்த ஒரு கணம் போதும், ஏதோ ஒரு சிரை கிழிவதற்கு. ஓடு உடைய வேண்டிய அவசியமே இல்லை. விழுந்ததே ஞாபகமில்லாத பெரியவர்களுக்கும் இது வருகிறது.

மகளின் குழப்பத்துக்கு வருவோம். எபிடியூரல் என்றால் டியூராவுக்கு வெளியே, அதாவது டியூராவுக்கும் எலும்புக்கும் நடுவே. தலைக்குள் அப்படி ஓர் இடைவெளி இயல்பாகக் கிடையாது. டியூரா எலும்போடு ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்த்துக்கொண்டு இடம் பிடிக்க வேண்டுமானால் தமனியின் அழுத்தம் வேண்டும். டெரியானில் அடிபட்டு நடு மெனிஞ்சியல் தமனி கிழிந்தால் அதுதான் நடக்கிறது. பொட்டில் அடிபட்டு விழுந்த இளைஞர் எழுந்து நன்றாகப் பேசுவார், "ஒன்றுமில்லை" என்பார், சில மணி நேரத்தில் நினைவிழப்பார். எல்லாருக்கும் இந்தத் தெளிவு இடைவேளை வராது. வரும்போது அதுதான் ஆளை ஏமாற்றும். டியூரா தையல்கோடுகளில் கட்டிப்போடப்பட்டிருப்பதால் ரத்தம் அந்தக் கோட்டைத் தாண்டாது. அங்கேயே உப்பி, சிடி ஸ்கேனில் இருபுறமும் குவிந்த லென்ஸ் வடிவில் தெரியும். முதியவர்களுக்கு டியூரா எலும்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டிவிடுவதால் எபிடியூரல் அவர்களுக்கு அபூர்வம்.

பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரலோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முதுகுத்தண்டில் டியூராவுக்கு ஒரே படலம்தான். அதற்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பும் சிரைகளும் உள்ள உண்மையான இடைவெளி உண்டு. மருந்தை அங்கே செலுத்துகிறார்கள். தலைக்குள் எபிடியூரல் ஊசி என்று ஒன்று கிடையாது.

சப்டியூரல் என்றால் டியூராவுக்கு உள்ளே. இதுவும் இயல்பாக இல்லாத இடைவெளிதான். டியூராவின் உட்பக்கக் கடைசி அடுக்கில் உயிரணுக்களின் பிடிப்பு மிகத் தளர்வானது. ஆகவே சிரையின் குறைந்த அழுத்தமே அதைப் பிளந்துவிடும். ரத்தம் தையல்கோடு பார்க்காமல் அரைமூளை நெடுகப் பரவும். ஆனால் ஃபால்க்ஸ் திரை மறிப்பதால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஸ்கேனில் பிறை வடிவம் வருவது அதனால். பலத்த அடியில் உடனே வரும் சப்டியூரல் மிகக் கொடியது, ஏனென்றால் அந்த வேகத்தில் மூளையும் நசுங்கியிருக்கும். அப்பாவுக்கு வந்திருப்பது மெதுவான வகை; டாக்டர் 'கிரானிக்' என்றது இதைத்தான்.

மெதுவான வகையில் முதலில் கசிந்த ரத்தம் சிறிதளவுதான். அதைச் சுற்றி உடல் சில வாரத்தில் ஒரு சவ்வு கட்டுகிறது. கட்டும்போது உருவாகும் புதுக் குழாய்கள் பலவீனமானவை; திரும்பத் திரும்பக் கசிகின்றன. உள்ளே உறைவதும் கரைவதுமாக இருப்பதால் அந்தக் கசிவு நிற்பதில்லை. பழைய ரத்தம் தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. அந்தச் சவ்வின் வெளிப்பக்கத்துக்கு ரத்தம் கொடுப்பதும் பெரும்பாலும் அதே நடு மெனிஞ்சியல் தமனியின் கிளைகள்தான். சில நோயாளிகளுக்கு அந்தத் தமனியைக் குழாய் வழியாக உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை அண்மைக் காலத்தில் வந்திருப்பது இதனால்.

ஸ்கேன் படத்தில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கட்டத்தில்தான் கண் தவறும். மடிப்புகள் ஓடுவரை வராமல் பாதியில் நிற்கின்றனவா, நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்குப் பின் கறுப்பாகிவிடும். கறுப்புக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் மறுபடி புதிதாகக் கசிந்திருக்கிறது என்று பொருள்.

மிச்சமிருக்கும் இரண்டு உறைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். பயா மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஒட்டியிருக்கும். அராக்னாய்டு மடிப்புகளுக்கு மேலே பாலமாகப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது உண்மையான இடைவெளி. அதில்தான் மூளைத்தண்டுவட நீர் ஓடுகிறது. ஒரு நேரத்தில் இருப்பது சுமார் 150 மி.லி., ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மி.லி.; அதாவது தினமும் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. 1400 கிராம் மூளை அதில் மிதக்கும்போது எடை 50 கிராம் அளவுக்குத்தான் உணரப்படும். பெரிய தமனிகளும் இதே நீருக்குள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு புடைப்பு வெடித்தால் ரத்தம் நேராக நீரில் கலந்து, நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி வரும். "வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காமல் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.

மூளைக்காய்ச்சல் எனப்படும் மெனிஞ்சைட்டிஸும் இந்த நீரில்தான். காய்ச்சல், தலைவலி, கழுத்தை முன்னால் குனிய முடியாத விறைப்பு. சிங்கப்பூரில் 2015-ல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களிடையே குரூப் பி ஸ்ட்ரெப் கிருமி பரவியபோது சிலருக்கு இது வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாக உணவில் பரிமாறுவது தடை செய்யப்பட்டது. நீரை எடுத்துச் சோதிக்க இடுப்பெலும்பு மட்டத்துக்கு அருகே, பெரியவர்களுக்கு மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி போடுவார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அப்பாவைப்போல் ஒரு பக்கம் அழுத்தம் உள்ளவருக்கு இந்த ஊசி ஆபத்து. கீழே நீர் குறைந்தால் மேலே இருக்கும் மூளை கீழ்நோக்கி நழுவலாம்.

நழுவுதல் என்றால் என்ன என்பதையும் மகள் தெரிந்துகொள்ள வேண்டும், வார்டில் அவர்தான் முதலில் பார்ப்பார். டென்டோரியம் திரையில் மூளைத்தண்டு போவதற்கு ஒரு திறப்பு உண்டு. ஒரு பக்க அழுத்தம் ஏறினால் பொட்டுப்பக்க மூளையின் உள்விளிம்பு அந்தத் திறப்பில் திணிந்து மூன்றாம் மண்டை நரம்பை நசுக்கும். அதே பக்கக் கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். அதன் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு ஒழுங்கிழந்தால் மூளைத்தண்டு நசுங்குகிறது என்று பொருள். அந்த நிலைக்கு வரும் முன்பே, தூக்கக் கலக்கம் கூடும்போதே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கண்பாவைக்காகக் காத்திருந்தால் தாமதம்.

அறுவை சிகிச்சையில் என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ துளை, ஒவ்வொன்றும் சுமார் 14 மி.மீ. மயக்கம் கொடுத்தோ, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ செய்வார்கள். தோலைக் கீறி, எலும்புறையை ஒதுக்கி, துளைப்பானை வைப்பார்கள். உள்தகட்டைத் தாண்டி எதிர்ப்பு குறைந்ததும் தானாக நின்றுவிடும் வகைத் துளைப்பான் அது. டியூராவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியதும் பழைய எஞ்சின் எண்ணெய் மாதிரி கறுத்த திரவம் அழுத்தத்தோடு வரும். வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுத் தெளிவாக வரும்வரை கழுவி, பை மாட்டிய மெல்லிய வடிகுழாய் ஒன்றை ஓரிரு நாள் விட்டு வைப்பார்கள். அப்படி விட்டு வைத்தால் ரத்தம் மறுபடி சேர்வது குறைகிறது. அந்த இரண்டு நாளும் அப்பா எழுந்து உட்காரலாமா, பை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை வார்டில் கேட்டு அப்படியே செய்யுங்கள். கழிவறைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வீட்டார் பையை மேலே தூக்கிவிட்டால் வடிந்தது திரும்ப உள்ளே போகலாம்.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய முக்கிய வேலை ஒன்று உண்டு. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது, கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்த சூரணம் உட்பட, பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் அதன் விளைவை முறித்த பிறகே கத்தி வைப்பார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டின் விளைவும் நிறுத்தியபின் ஒரு வாரம், பத்து நாள் நீடிக்கும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக்குப்பின் எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் இதய டாக்டரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். வீடு திரும்பும் நாளன்று அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரில் ஓரிருவருக்கு ரத்தம் மறுபடி சேரும், பெரும்பாலும் முதல் சில வாரங்களில். புதிய தலைவலி, மறுபடி தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பகலில் தூங்கிக்கொண்டே இருப்பது: இதில் ஏதாவது தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வருகிறது என்றால் 995. மறு ஸ்கேனில் கொஞ்சம் திரவம் மிச்சமிருப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் நசுங்கிய வயதான மூளை உடனே விரிந்து இடத்தை நிரப்பாது. ஆள் தேறிவந்தால் படத்துக்காக மட்டும் மறுபடி திறக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீவக வீடு என்றால், மூத்தோருக்கான ஈஸ் என்ற வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவறைத் தரைக்கு வழுக்காத பூச்சும் சுவருக்குக் கைப்பிடிகளும் போட்டுத் தருகிறார்கள். அவர் படுக்கையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். உடம்பு தேறியதும் திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு நடை போய்வரலாம் என்று அப்பா கேட்பார். துளை போட்ட பிறகு ஓட்டுக்குள் கொஞ்சம் காற்று தங்கும். விமானம் உயரே ஏறி அழுத்தம் குறையும்போது அந்தக் காற்று விரியும். அது முழுதும் கரைந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்து நிபுணர் சொல்லும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.